தண்ணீர் பாடம் நடத்த பள்ளிக்கு நிதி கிடைக்குமா? எங்கே, எவ்வளவு, எப்படிக் கேட்பது? முழு விவரம்!

2019 ஜூலை 12. ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ஒரு ரயில் சென்னை வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் வறண்டு, நகரமே காலிக்குடத்தோடு தெருவில் நின்ற கோடை அது.

அப்போ ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இப்போது உயர்நிலைப் பள்ளியை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பள்ளி மொட்டை மாடியில் விழும் மழை எங்கே போகிறது, சொட்டுகிற குழாயில் ஒரு நாளைக்கு எவ்வளவு வீணாகிறது? இதையெல்லாம் அவர்கள் வகுப்பில் கற்றுக்கொண்டார்களா?

பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆறாம் வகுப்பு அறிவியலில் நீர் பற்றித் தனிப் பாடமே உண்டு. ஆனால் தண்ணீரைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட அளந்து தெரிந்துகொள்வதுதான் மனசில் நிற்கும். அதற்குக் கொஞ்சம் பொருள் வேண்டும், கொஞ்சம் பணம் வேண்டும்.

'அந்தப் பணத்தை யாரு தருவாங்க?' பல ஆசிரியர்களின் கேள்வி இதுதான். பதில் தெரியாமல் சொந்தக் காசைப் போடுகிறவர்களும் உண்டு, திட்டத்தையே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. உண்மையில் இதற்கான வழிகள் சில இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தண்ணீர் புராஜெக்ட்னா என்ன?

முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பள்ளிகளில் தண்ணீர் சேமிப்பு என்ற பெயரில் மூன்று விதமான வேலைகள் நடக்கின்றன.

ஒன்று, சொல்வது. சார்ட் ஒட்டுவது, கட்டுரைப் போட்டி, ஊர்வலம், உறுதிமொழி. செலவு குறைவு. ஆனால் ஊர்வலம் முடிந்ததும் மறந்துபோகும் ஆபத்து அதிகம்.

இரண்டு, கட்டுவது. தொட்டி, கூரைக் குழாய், உறிஞ்சு குழி. செலவு ஆயிரங்களில் தொடங்கி லட்சங்கள் வரை போகும். வேலையை மேஸ்திரி செய்வார், பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள்.

மூன்று, அளப்பது. மழையை அளப்பது, ஒழுகும் குழாயை அளப்பது, கிணற்று நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை குறித்துவைப்பது, தண்ணீரின் உப்புத்தன்மையைச் சோதிப்பது. செலவு சில நூறிலிருந்து சில ஆயிரம்தான். வேலை முழுக்க பிள்ளைகளுடையது.

இந்த மூன்றில் கட்டுவதற்குத்தான் பணம் எளிதாகக் கிடைக்கிறது. அளப்பதற்குக் கேட்பவர்களே குறைவு. ஆனால் பிள்ளைகள் உண்மையில் கற்றுக்கொள்வது அங்கேதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போமா?

1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக 1 லிட்டர். இந்த ஒரு வரி போதும், மொத்தக் கணக்கும் வந்துவிடும்.

20 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் உள்ள ஒரு சாதாரண பள்ளிக் கட்டிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியின் பரப்பு 160 சதுர மீட்டர். ஒரே நாளில் 50 மி.மீ. மழை பெய்தால் அங்கே விழுவது 8,000 லிட்டர். தெறித்ததும் ஆவியானதும் போக 80 சதவீதம் கைக்கு வரும் என்று வைத்தால் 6,400 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் பிடித்தால் 420 குடத்துக்கு மேல்!

பகலில் மட்டும் இயங்கும் பள்ளிகளுக்கு ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் தண்ணீர் தேவை என்பது இந்திய தர நிர்ணய அளவுகோல். அதன்படி 50 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஒரு நாள் தேவை 2,250 லிட்டர். ஆக, ஒரு நாள் மழையில் கிடைப்பது கிட்டத்தட்ட மூன்று நாள் தேவை.

இன்னும் ஒன்று. இதே அளவு மாடியுள்ள சுமார் 390 பள்ளிகளில் அந்த ஒரு நாள் மழையைப் பிடித்தால், அது ஜோலார்பேட்டை ரயில் ஒருமுறை கொண்டுவந்த 25 லட்சம் லிட்டருக்குச் சமம்.

தமிழ்நாட்டின் ஆண்டு சராசரி மழை சுமார் 920 மி.மீ. அதே மாடியில் ஒரு வருஷத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை வீட்டில் இருக்கும் பிள்ளையிடமே கேட்டுப்பாருங்கள். ஒரு லட்சம் லிட்டரைத் தாண்டும்.

அடுத்து, ஒழுகும் குழாய். சொட்டுகிற குழாயின் கீழே 200 மில்லி டம்ளரை வைக்கிறார்கள், 10 நிமிடத்தில் நிறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 1.2 லிட்டர். ஒரு நாளைக்கு 28.8 லிட்டர். ஒரு வருஷத்துக்கு 10,500 லிட்டர். சரிசெய்ய வேண்டியது ஒரு வாஷர்.

இந்தக் கணக்கைச் சொந்தக் கையால் போட்ட பிள்ளை வீட்டுக்குப் போய் முதலில் பார்ப்பது சமையலறைக் குழாயைத்தான். நிதி வேண்டியிருப்பது இப்படிப்பட்ட வேலைக்கு.

சரி, பணம் எங்கிருந்து வரும்?

1. பள்ளி மானியம்

அரசுப் பள்ளிகளுக்கு முதல் வழி இதுதான். 2018-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான 'சமக்ர சிக்ஷா'வின் கீழ் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கப்படுகிறது. மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநில அரசின் பங்கு 40 சதவீதம்.

மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து தொகை மாறும்.

* 30 பேர் வரை: ரூ.10,000
* 31 முதல் 100 வரை: ரூ.25,000
* 101 முதல் 250 வரை: ரூ.50,000
* 251 முதல் 1,000 வரை: ரூ.75,000
* 1,000-க்கு மேல்: ரூ.1,00,000

மின்கட்டணம், இணையக் கட்டணம், தண்ணீர், பழுதான பொருட்களை மாற்றுவது, ஆய்வகப் பொருட்கள், கற்பித்தல் உபகரணங்கள் என எல்லாமே இந்தத் தொகைக்குள்தான். இதில் குறைந்தது 10 சதவீதத்தைத் தூய்மைப் பணிகளுக்குச் செலவிட வேண்டும்.

கவனிக்க வேண்டிய வார்த்தை 'கற்பித்தல் உபகரணங்கள்'. மழைமானியும் அளவுக் குவளையும் அதில் அடங்கும். ஒழுகும் குழாயை மாற்றுவது பழுதுபார்ப்பில் வரும். ஆக, தண்ணீர் பாடத்துக்கு இங்கே இடம் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும், அவ்வளவுதான்.

2. இளைஞர் மற்றும் சூழல் மன்றம்

இதுவும் சமக்ர சிக்ஷாவின் ஒரு பிரிவு. தொடக்கப் பள்ளிக்கு ரூ.5,000 வரை, நடுநிலைப் பள்ளிக்கு ரூ.15,000 வரை, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு ரூ.25,000 வரை தர விதிமுறையில் இடம் உண்டு. சுற்றுச்சூழல் செயல்பாடுகளுக்கென்றே உள்ள தொகை என்பதால் தண்ணீர் அளக்கும் வேலைக்கு நேரடியாகப் பொருந்துவது இதுதான்.

3. தேசிய பசுமைப் படை

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2001-ல் தொடங்கியது. பள்ளிகளில் சூழல் மன்றம் அமைத்து, ஒரு ஆசிரியரைப் பொறுப்பாக்கி, சிறு தொகை தருவதுதான் முறை. ஆரம்பத்தில் பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ.2,500 ஆக இருந்தது, பிறகு ரூ.5,000 ஆனது. உங்கள் பள்ளி இதில் இருக்கிறதா, பொறுப்பாசிரியர் யார் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டாலே தெரிந்துவிடும்.

4. இன்ஸ்பயர் மானக்

இது பள்ளிக்கு வருவதல்ல, மாணவருக்கே வருகிற பணம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தேசிய புத்தாக்க அறக்கட்டளையும் சேர்ந்து நடத்துகின்றன. 6-ம் வகுப்பு முதல் 10-ம் வகுப்பு வரை என்று இருந்தது, பின்னர் 11, 12-ம் வகுப்புக்கும் விரிவானது.

மாணவர் தன் யோசனையை எழுதிக் கொடுக்க வேண்டும். பள்ளி அதை இணையத்தில் பதிவேற்றும். தேர்வானால் மாதிரி செய்ய ரூ.10,000 மாணவரின் வங்கிக் கணக்கிலேயே வரவு வைக்கப்படும். அரசு, உதவிபெறும், தனியார் என எல்லா அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் விண்ணப்பிக்கலாம்.

தொட்டி நிரம்பினால் மணியடிக்கும் கருவி, கை கழுவும் தண்ணீரைச் செடிக்குத் திருப்பும் அமைப்பு போன்ற யோசனைகளுக்கு இது சரியான இடம். ஒரே ஒரு நிபந்தனை: யோசனை பிள்ளையுடையதாக இருக்கணும். யூடியூபில் பார்த்ததை அப்படியே எழுதினால் தேறாது.

5. அடல் டிங்கரிங் ஆய்வகம்

நிதி ஆயோக்கின் கீழ் வரும் திட்டம். தேர்வாகும் பள்ளிக்கு மொத்தம் ரூ.20 லட்சம். அதில் ரூ.10 லட்சம் ஆய்வகம் அமைக்க, மீதி ரூ.10 லட்சம் ஐந்து ஆண்டுகளுக்கான நடைமுறைச் செலவுக்கு. எல்லாப் பள்ளிக்கும் கிடைப்பதல்ல. ஆனால் ஏற்கெனவே ஆய்வகம் உள்ள பள்ளி என்றால், மண் ஈரப்பதம், நீர்மட்டம் அளக்கும் சென்சார் வேலைகளை அங்கேயே செய்யலாம். தனியாக நிதி தேட வேண்டியதில்லை.

6. நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி

2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கியது. முன்னாள் மாணவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், நிறுவனங்கள் என யார் வேண்டுமானாலும் அரசுப் பள்ளிக்கு நன்கொடை தரலாம். தொழிலதிபர் வேணு சீனிவாசன் தலைவராகவும், செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்த் தூதராகவும் அறிவிக்கப்பட்டார்கள். எந்தப் பள்ளிக்கு, எந்தத் தேவைக்கு என்று தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வசதி இருப்பதால், பள்ளி தன் தேவையைத் தெளிவாகப் பதிவு செய்திருப்பது முக்கியம். 'தண்ணீர் வசதி' என்று பொதுவாகப் போட்டால் தொட்டிதான் வரும். 'தண்ணீர் அளக்கும் வகுப்புக்கான பொருட்கள்' என்று போட்டால் அது வரும்.

7. நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். நிதி

2013 நிறுவனச் சட்டத்தின் 135-வது பிரிவு சொல்வது இது: ரூ.500 கோடி நிகர மதிப்பு, அல்லது ரூ.1,000 கோடி விற்றுமுதல், அல்லது ரூ.5 கோடி நிகர லாபம் உள்ள நிறுவனம், கடந்த மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் கல்வியும் இருக்கிறது, நீர்வளப் பாதுகாப்பும் இருக்கிறது. பள்ளியில் நடத்தும் தண்ணீர் பாடம் இரண்டிலும் பொருந்தும்.

8. ஊராட்சியும் எம்.எல்.ஏ. நிதியும்

கட்டும் வேலைக்கு இந்தக் கதவுகளைத் தட்டலாம். 15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்குக் கிராம உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில், ஒரு பகுதியைக் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு மட்டும்தான் செலவிட வேண்டும் என்று பிரித்தே வைத்தது. தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ. ஒருவருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு ரூ.3 கோடி. பள்ளியின் பழுதான மழைநீர் சேகரிப்பு அமைப்பைச் சரிசெய்ய இவற்றைக் கேட்கலாம். பாடம் நடத்தும் பொருளுக்கு இங்கே கேட்டுப் பயனில்லை.

பணமே இல்லாமல் கிடைப்பவை என்னென்ன?

இது பலருக்குத் தெரியாத பகுதி.

கிராமங்களில் ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதிக்கப் பயிற்சி தர வேண்டும் என்பது விதி. அவர்களிடம் கள நீர் பரிசோதனைப் பெட்டி இருக்கும். ஊராட்சி மூலமாக அந்த அக்காக்களை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்தால் போதும். பள்ளிக் குழாயில் வரும் தண்ணீரைப் பிள்ளைகள் முன்னாலேயே சோதித்துக் காட்டுவார்கள். டீச்சர் சொல்வதைவிட நம்ம தெரு அக்கா சொல்வது சில நேரம் நன்றாகவே ஏறும்.

2022 நவம்பரில் தொடங்கிய 'வானவில் மன்றம்' அரசுப் பள்ளி 6 முதல் 8-ம் வகுப்பு பிள்ளைகளுக்கானது. கருத்தாளர்கள் பரிசோதனைப் பொருட்களோடு பள்ளிக்கே வருகிறார்கள். அவர்களிடம் நீர் வடிகட்டல், மழை அளவீடு செய்துகாட்டச் சொல்லிக் கேட்கலாம்.

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. 10 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தங்கள் ஊர்ப் பிரச்னையை எடுத்து ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும். தமிழ்நாட்டில் இதை ஒருங்கிணைத்து வருவது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். இதில் பெரிய பணம் இல்லை. ஆனால் ஆய்வை எப்படித் திட்டமிடுவது என்று வழிகாட்ட ஆள் கிடைப்பார்கள்.

அப்போ சிக்கல் எங்கே?

முதல் சிக்கல், சின்னப் பள்ளி. 30 பிள்ளைகளுக்குள் இருக்கும் தொடக்கப் பள்ளிக்கு வருஷம் முழுக்க ரூ.10,000. மாதக் கணக்கில் பார்த்தால் சுமார் ரூ.830. கரண்ட் பில், பெருக்குமாறு, சாக்பீஸ் எல்லாம் போக மிச்சம் என்ன இருக்கும்? தண்ணீர் தட்டுப்பாடு அதிகமுள்ள குக்கிராமங்களில் இருப்பவை பெரும்பாலும் இப்படிப்பட்ட பள்ளிகள்தான். எங்கே பாடம் அதிகம் தேவையோ, அங்கே பணம் குறைவு.

இரண்டாவது, பணம் வராத ஆண்டுகள். 2024-25-ல் தமிழ்நாட்டுக்கான சமக்ர சிக்ஷா நிதி ரூ.2,152 கோடியை மத்திய அரசு விடுவிக்கவில்லை. பி.எம். ஸ்ரீ பள்ளிகளுக்கான ஒப்பந்தமும் தேசியக் கல்விக் கொள்கையும்தான் மோதலின் மையம். 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அரசியலில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். மேலே சொன்ன முதல் இரண்டு வழிகளும் இதே திட்டத்தில் அடங்கியவை என்பதை மட்டும் இங்கே கவனியுங்கள். மேலே குழாய் அடைத்தால் கீழே டம்ளர் காலி.

மூன்றாவது, நேரம். இதுதான் அதிகம் பேசப்படாத விஷயம். தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. மழையை அளக்க வேண்டும் என்றால் செப்டம்பருக்குள் பொருள் கையில் இருக்கணும். பணம் ஜனவரியில் வந்தால்? அளக்க மழை இருக்காது. மார்ச்சுக்குள் செலவுக் கணக்கு காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் சார்ட்டும் பேனரும் வாங்கி முடிந்துவிடும்.

நான்காவது, கண்ணுக்குத் தெரியும் வேலைக்குத்தான் மதிப்பு. தொட்டி கட்டினால் பெயர்ப்பலகை வைக்கலாம், ரிப்பன் வெட்டலாம். பிள்ளைகள் நோட்டில் எழுதிய மழை அளவுக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-லேயே சட்டம் வந்தது. கட்டியது நல்ல வேலை. ஆனால் வடிகட்டியில் இலை அடைத்துக் கிடந்தால் அந்த அமைப்பு இருந்தும் இல்லாததுதான். அதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால், போட்ட கட்டிடப் பணமும் காப்பாற்றப்படும்.

மற்ற இடங்களில் எப்படிச் செய்கிறார்கள்?

அமெரிக்காவில் தென்மேற்கு புளோரிடா நீர் மேலாண்மை மாவட்டம் என்று ஓர் அரசு அமைப்பு இருக்கிறது. நம்ம ஊர் குடிநீர் வாரியம், பொதுப்பணித் துறை மாதிரி தண்ணீரை நிர்வகிப்பதுதான் அதன் வேலை. அது 'ஸ்பிளாஷ்' என்ற பெயரில் பள்ளிகளுக்கு 3,000 டாலர் வரை சிறு மானியம் கொடுத்து வந்திருக்கிறது. ஆசிரியர் தன் பாடத் திட்டத்தை எழுதி விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள் என்பதுதான் முக்கியக் கேள்வி.

இன்னொரு உதாரணம், 2000-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் ஆசிரியர் தொடங்கிய 'டோனர்ஸ்சூஸ்' இணையதளம். ஆசிரியர் தன் வகுப்புக்கு வேண்டிய பொருட்களைப் பட்டியல் போடுவார், பொதுமக்கள் சிறுகச் சிறுகப் பணம் போடுவார்கள். ஆசிரியர் கையில் ரொக்கம் தருவதில்லை, பொருளாகப் பள்ளிக்கு வரும்.

இந்த இரண்டிலும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது டாலர் கணக்கை அல்ல. பணம் கேட்பவர் அந்த வகுப்பை நடத்தும் ஆசிரியர். கேட்பது ஒரு குறிப்பிட்ட பாடத்துக்கு. இங்கே பணம் பள்ளிக்குப் பொதுவாக வருகிறது, பாடம் அதில் தொலைந்துபோகிறது. நம் குடிநீர் வாரியங்களும் இப்படி ஒரு சிறு மானியத்தை நேரடியாக வகுப்பறைக்குத் தரலாம். ஒரு தொட்டி கட்டும் காசில் நூறு வகுப்புகள் மழையை அளக்க முடியும்.

எப்படிக் கேட்க வேண்டும்?

ஒரு பக்கம் போதும். அதில் ஐந்து விஷயங்கள் இருக்கட்டும்.

* எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள்
* எதை அளக்கப் போகிறோம்
* எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடியும்
* என்ன பொருள், என்ன விலை
* முடிவில் யாரிடம் என்ன காட்டப் போகிறோம்

மாதிரிக்கு ஒரு பட்ஜெட் பார்க்கலாம். விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும்.

* மழைமானி 4 (பழைய தண்ணீர் பாட்டில், ஸ்கேல்): செலவு இல்லை
* அளவுக் குவளை, பதிவேடு: ரூ.300
* டி.டி.எஸ். மீட்டர் 1: ரூ.400
* ஒழுகும் குழாய்களுக்கு வாஷர், டேப்: ரூ.900
* மழைநீர் வடிகட்டிக்கு மணல், ஜல்லி, கரி, கூலி: ரூ.2,000

மொத்தம் ரூ.3,600. தொடக்கப் பள்ளி சூழல் மன்றத்துக்கான ரூ.5,000-க்குள் அடங்கிவிடுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவை மட்டும்தான் காட்டும். கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. அளவு குறைவாக வந்தால் 'குடிக்கலாம்' என்று பிள்ளைகள் முடிவு செய்துவிடக் கூடாது. இதையே ஒரு பாடமாக நடத்தலாம்.

அடுத்து, இந்தத் தாளை பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் வையுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் 75 சதவீதம் பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் இருக்க வேண்டும். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும், நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் இவர்கள் வேலை. குழுவில் தீர்மானமாகப் போட்டுவிட்டால் தலைமை ஆசிரியருக்கும் தைரியம் வரும், தணிக்கையிலும் கேள்வி வராது. தீர்மானம் ஜூன், ஜூலையிலேயே போட்டால்தான் மழைக்கு முன் பொருள் வரும்.

நிறுவனத்திடம் கேட்பதாக இருந்தாலும் இந்த ஒரு பக்கமும் தீர்மான நகலும் போதும். முடிந்த பிறகு பில், பிள்ளைகளின் பதிவேட்டு நகல் இரண்டையும் அனுப்பி வையுங்கள். அடுத்த வருஷம் கேட்க முகம் வேண்டுமே!

பெற்றோர் என்ன செய்யலாம்?

நேரடியாகக் கேட்கலாம். 'இந்த வருஷம் பள்ளி மானியம் எவ்வளவு வந்தது? சூழல் மன்றத்துக்கு எவ்வளவு? எதற்குச் செலவானது?' மேலாண்மைக் குழுவில் இதைக் கேட்பது சண்டை அல்ல, உரிமை.

இன்னொரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ம் தேதியும் கிராம சபை நடக்கிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை பிள்ளைகள் குறித்துவைத்த மழை அளவு, கிணற்று மட்டம், ஒழுகும் குழாய்க் கணக்கு மூன்றையும் அன்றைக்கு ஊர் முன்னால் படிக்கச் சொல்லுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுந்து நின்று, 'நம்ம ஊர் தெருக்குழாய் ஒண்ணுல மட்டும் வருஷத்துக்கு பத்தாயிரம் லிட்டர் வீணாப் போகுது'ன்னு சொன்னால், ஊராட்சித் தலைவர் வாஷர் மாற்றாமல் இருக்க முடியாது.

எதிலெல்லாம் கவனம் வேண்டும்?

* தனி நபரின் கணக்குக்கோ யு.பி.ஐ. எண்ணுக்கோ பள்ளி பெயரில் பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். பள்ளியின் கணக்கு, அல்லது அரசின் அதிகாரப்பூர்வத் தளம் மட்டுமே. ரசீது கட்டாயம்.
* நன்கொடைக்காகப் பிள்ளைகளின் முகம், பெயர் போட்டு வீடியோ வெளியிடுவதைத் தவிர்க்கவும். அளவிட்ட அட்டவணையின் போட்டோ போதும்.
* கிணறு, தொட்டி, சம்ப் பக்கம் பிள்ளைகளைத் தனியாக விடவே கூடாது. நீர்மட்டத்தைப் பெரியவர் அளக்கட்டும், பிள்ளை எழுதட்டும். மூடி இல்லாத தொட்டி இருந்தால் மற்ற வேலைகளுக்கு முன் முதல் செலவு அந்த மூடிக்குத்தான்.
* மொட்டை மாடியை அளக்க பிள்ளைகள் மேலே ஏற வேண்டாம். தரையில் கட்டிடத்தின் நீள அகலத்தை அளந்தாலே பரப்பு கிடைத்துவிடும்.

சுருக்கமாகச் சொன்னால்?

தண்ணீர் பாடத்துக்குத் தேவை லட்சங்கள் இல்லை. சில ஆயிரம், அதுவும் மழைக்கு முன்னால், ஒவ்வொரு வருஷமும். ஒருமுறை கட்டிவிட்டுப் போகும் தொட்டிக்கு நிதி தேடுவதோடு, வருஷா வருஷம் நடக்கும் வகுப்புக்கும் நிதி கேட்கப் பழக வேண்டும்.

பணம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மேல்பாகம் வெட்டி, நேராக உள்ள பாட்டில் ஒன்று, அதன் வெளியே ஒட்டிய ஸ்கேல் ஒன்று. அடுத்த மழைக்கு முன்னால் பள்ளி மைதானத்தில் மரம், சுவர் இல்லாத இடத்தில் வைத்தால் முதல் நாள் வகுப்பு தொடங்கிவிடும். உங்கள் பிள்ளையின் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டம் எப்போது என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள்.